வந்தேன், வருகிறேன், வருவேன்: பிறமொழி வினைகளைப் பழகத் தொடங்குவோருக்கு

பள்ளியில் 'வந்தேன்' என்பதைப் பிரித்து எழுதச் சொல்லி இரண்டு மதிப்பெண் கொடுப்பார்கள். வா + த்(ந்) + த் + ஏன். வா பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம். த் சந்தி, அது ந் ஆனது விகாரம். அடுத்த த் இறந்தகால இடைநிலை. ஏன் தன்மை ஒருமை வினைமுற்று விகுதி. கடகடவென்று ஒப்பித்துவிட்டு, தேர்வு முடிந்த அன்றே மறந்துவிடுவோம். நானும் மறந்தவன்தான். முப்பது வயதுக்கு மேல் ஸ்பானியம் கற்கப் போய், ஒரே ஒரு வினைக்கு ஐம்பதுக்கு மேல் வடிவங்கள் அச்சடித்த தாளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த இரண்டு மதிப்பெண் கேள்வி நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்து ஒவ்வொரு சொல்லிலும் பகுதிக்குப் பின்னால் ஒரு கோடு போட்டேன். தாள் பாதியாகச் சுருங்கியது.

நம்மில் பலர் பிரெஞ்சையோ ஜெர்மனையோ ஜப்பானியத்தையோ ஆங்கிலப் புத்தகம் வழியாகத்தான் கற்கிறோம். ஆங்கில வினைக்கு வடிவங்கள் குறைவு. 'வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங்', அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு, நான் என்றால் ஒரு விகுதி, நீ என்றால் இன்னொரு விகுதி என்பதே பெரிய அதிசயம். அவர் பத்துப் பக்கம் விளக்குவது நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கிற சங்கதி. ஆகவே முதல் யோசனை: நடுவில் நிற்கும் ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, தமிழிடம் நேராகக் கேளுங்கள். தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

ஒரு முன்குறிப்பு. பிறமொழிச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். ஒலிப்பு தோராயம்தான். காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் படி: தமிழ்ச் சொல்லை அறுத்துப் பார்ப்பது

'செய்' எடுத்துக்கொள்வோம், அதில் சிக்கல் குறைவு. செய் + த் + ஏன், செய் + கிறு + ஏன், செய் + வ் + ஏன். முதலில் வேலை, நடுவில் காலம், கடைசியில் ஆள். ஆளை மாற்ற வேண்டுமானால் கடைசித் துண்டை மட்டும் மாற்றுகிறோம்: செய்தாய், செய்தான், செய்தாள், செய்தோம். காலத்தை மாற்ற நடுத்துண்டு. இந்த மூன்று துண்டையும் ஒரு தாளில் மூன்று நிறத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எந்த மொழிக்குப் போனாலும் இதே மூன்று நிறத்தைத் தேடப்போகிறோம்.

கூடவே இன்னொன்றும் செய்யுங்கள், பிறமொழியின் ஒழுங்கின்மையைத் திட்டுவதற்கு முன்னால். சொல், செல், கல் ஆகிய மூன்றுக்கும் இறந்தகாலம் சொல்லிப் பாருங்கள். சொன்னேன், சென்றேன், கற்றேன். மூன்றும் 'ல்' என்று முடிகிற குட்டிச் சொற்கள், மூன்றும் மூன்று வழியில் போகின்றன. 'அழி' என்ற ஒரே பகுதி அழிந்தது என்றும் வரும், அழித்தது என்றும் வரும், பொருளும் மாறும். தமிழ் படிக்க வரும் வெளிநாட்டவர் இதையெல்லாம் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; கேட்டுக் கேட்டு வந்தது. புதுமொழியும் கடைசியில் அப்படித்தான் வரப்போகிறது.

இரண்டாம் படி: புதுமொழியில் மூன்று துண்டும் எங்கே என்று தேடுவது

புதிதாக ஒரு மொழியைத் தொட்டதும் அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். ஆசிரியரிடமோ புத்தகத்திடமோ மூன்று கேள்வி கேளுங்கள். காலம் எந்தத் துண்டில் இருக்கிறது? ஆள் எந்தத் துண்டில் இருக்கிறார்? ஆண் பெண் வேறுபாடு வினையில் தெரியுமா?

துருக்கியில் 'கெல்திம்' என்றால் வந்தேன். கெல் (வா) + தி (இறந்தகாலம்) + ம் (நான்). தமிழின் வரிசையே. கெல்தின், வந்தாய், கெல்தி, வந்தான் அல்லது வந்தாள். எதிர்மறைக்கு நடுவில் ஒரு 'மே' செருகினால் போதும்: கெல்மெதிம், வரவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக்குப் போனால் அப்படியே கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிவிடும். 'நிலிசோமா': நி (நான்) + லி (இறந்தகாலம்) + சோமா (படி). நாம் வேலை, காலம், ஆள் என்று சொல்வதை அவர்கள் ஆள், காலம், வேலை என்கிறார்கள். நினாசோமா படிக்கிறேன், நிதாசோமா படிப்பேன், அலிசோமா படித்தான் அல்லது படித்தாள். நடுவில் உள்ள ஓரசை மட்டும் மாறுகிறது. முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

அரபியில் சங்கதி வேறு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பகுதி என்பது உயிரெழுத்து இல்லாத மூன்று மெய்கள். க், த், ப் மூன்றும் சேர்ந்தால் எழுதுவது பற்றிய பேச்சு. கதப என்றால் எழுதினான், கதப்து எழுதினேன். நிகழ்காலத்துக்கு வந்தால் யக்துபு எழுதுகிறான், அக்துபு எழுதுகிறேன். அதாவது இறந்தகாலத்தில் ஆள் பின்னால் ஒட்டுகிறார், நிகழ்காலத்தில் முன்னால் ஓடிவந்து நிற்கிறார். எதிர்காலத்துக்கு நிகழ்கால வடிவத்தின் முன்னால் 'ச' சேர்த்தால் ஆயிற்று: சயக்துபு. இது எழுத்து அரபி. பேச்சில் கடைசி உயிரொலிகள் உதிரும், எதிர்காலத்துக்கும் ஊருக்கு ஊர் வேறு சொல் உண்டு. தெருவில் கேட்பதையும் சேர்த்துப் பழகுங்கள்.

துண்டுகளே இல்லாத மொழிகளும் உண்டு. மலேசியாவில் சிங்கப்பூரில் வாழும் தமிழருக்கு இது பழக்கம்: மலாயில் 'மாக்கான்' எப்போதும் மாக்கான்தான். சாயா சுடா மாக்கான் என்றால் சாப்பிட்டாயிற்று, சாயா ஆக்கான் மாக்கான் என்றால் சாப்பிடுவேன். காலம் தனிச்சொல்லாக முன்னால் நிற்கிறது, வினை அசையவே இல்லை. பக்கத்து வீட்டு மலையாளம் விகுதியை உதிர்த்துவிட்டது: ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு. பேச்சுச் சிங்களத்திலும் அப்படியே. மம யனவா, எயா யனவா, அபி யனவா: நான் போனாலும் அவர் போனாலும் நாம் போனாலும் ஒரே யனவா. எழுத்துச் சிங்களத்தில் ஆளுக்கேற்ற வடிவங்கள் உண்டு. பேசத்தான் வேண்டும் என்றால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆள் வினையிலேயே தெரிகிற மொழியில் 'நான்', 'நீ' சொல்லத் தேவையில்லை. 'வந்தேன்' என்றாலே போதும் என்பது நமக்குத் தெரியும். ஸ்பானியரும் துருக்கியரும் அப்படியே பேசுகிறார்கள். ஆங்கில வழியில் கற்ற பழக்கத்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'நான்' என்று தொடங்கினால், அவர்கள் காதுக்கு 'நான் நான்' என்று மார்தட்டுவது போலிருக்கும்.

பிரெஞ்சு இதற்கு நேர்மாறு. புதுச்சேரியில் தெருப் பலகைகளில் பிரெஞ்சைப் பார்த்தும், பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தும் வளர்ந்தவர்கள் கவனியுங்கள். பேசு என்னும் வினைக்கு நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு ஆளுக்கும் எழுத்தில் மூன்று வடிவம் உண்டு, நானுக்கும் அவனுக்கும் மட்டும் ஒன்றே. வாயில் நான்கும் 'பார்ல்'. கடைசி எழுத்துகள் ஒலிப்பதில்லை. அதனால் யார் என்று முன்னால் சொல்லியே தீரவேண்டும். தேர்வுக்கு எழுதுகிறவர் ஐந்து வடிவம் படிக்க வேண்டும், பேசப் போகிறவருக்கு மூன்று ஒலி போதும்: பார்ல், பார்லோன், பார்லே.

மூன்றாம் படி: அகராதியில் எந்த வடிவம் நிற்கிறது?

சின்ன விஷயம், ஆனால் முதல் வாரத்தில் பலரும் இங்கே தடுக்கி விழுவார்கள். தமிழ் அகராதியில் 'வா', 'போ' என்று ஏவல் வடிவில் வினையைத் தேடுகிறோம். ஸ்பானிய அகராதியில் 'சாப்பிட' என்பது போன்ற வடிவம் நிற்கும்: கோமேர். அதன் கடைசி 'ஏர்' ஐ வெட்டினால்தான் பகுதி கிடைக்கும். அரபி அகராதியில் நிற்பது 'எழுதினான்' என்னும் வடிவம். எதை வெட்டினால் பகுதி வரும் என்று தெரிந்த பிறகு அகராதியைத் திறங்கள்.

நான்காம் படி: பத்தே வினை, இரண்டே ஆள்

இரு, போ, வா, சாப்பிடு, செய், சொல், பார், வேண்டும், முடியும், தெரியும். இந்தப் பத்தைப் புதுமொழியில் கண்டுபிடியுங்கள். முதல் இரண்டு வாரம் 'நான்', 'நீ' இரண்டுக்கு மட்டும். 'அவர்கள்' எங்கும் போய்விடமாட்டார்கள். அறிமுகமாகும் மனிதரோடு பேசும்போது வாயில் வருவது முக்கால்வாசி நானும் நீயும்தான். மரியாதை 'நீங்கள்' எந்த வடிவத்தில் வருகிறது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் நம்மைப் போலவே பன்மை 'நீங்கள்' தான் மரியாதை. ஸ்பானியத்தில் மரியாதைக்கு வினை படர்க்கைக்குத் தாவிவிடும்.

ஸ்பானியத்தில் சாப்பிடு:

கோமோ, கோமெஸ், கோமெ, கோமேமோஸ், கோமேயிஸ், கோமென்.

நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்று வரிசை. ஐந்தாவது வடிவம் ஸ்பெயினில் வழங்குவது. மெக்சிகோ, கொலம்பியா, பெரு என்று லத்தீன் அமெரிக்காப் பக்கம் போகிறவர் அதை விட்டுவிடலாம், அங்கே 'நீங்கள்' என்பதற்கும் 'அவர்கள்' வடிவமே. இதுபோல ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என்று மூன்று குடும்பம். புதிதாக வந்து சேரும் சொற்கள் எல்லாம் பெரும்பாலும் ஆர் குடும்பத்தில்தான் விழும். ஆகவே ஆர் குடும்பத்தை முதலில் படியுங்கள்.

பத்து வினையில் பாதி ஒழுங்கற்றதாக இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கும். எந்த மொழியிலும் அதிகம் புழங்கும் வினைதான் அதிகம் கோணும். காரணம் எளியது. தினம் நூறு தடவை கேட்கும் சொல்லைக் குழந்தை அப்படியே மனத்தில் வாங்கிக்கொள்கிறது, விதிக்கு அங்கே வேலையில்லை. எப்போதாவது வரும் சொல்லை விதியைப் போட்டுத்தான் உண்டாக்க வேண்டும், அதனால் அது காலப்போக்கில் ஒழுங்காகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஹெல்ப்' என்பதற்குப் பழைய இறந்தகாலம் 'ஹோல்ப்'. அது தேய்ந்து 'ஹெல்ப்ட்' வந்துவிட்டது. 'கோ, வென்ட்' மட்டும் அசையாமல் நிற்கிறது. ஸ்பானியத்தில் இன்னும் வேடிக்கை: 'போனேன்', 'இருந்தேன்' இரண்டுக்கும் 'ஃபுயி' என்ற ஒரே சொல். எதுவென்பது வாக்கியத்தில் தெரிந்துவிடும். ஆகவே ஒழுங்கற்ற வினைகளைப் பின்பாடத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். முதல் நாளே அவற்றைத்தான் தொட வேண்டும், விதி தேடாமல், பாட்டு மாதிரி.

வேண்டும், முடியும், தெரியும் என்னும் மூன்றையும் பட்டியலில் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் இவை ஆளுக்கேற்ப மாறா. எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும். ஸ்பானியத்தில் இவை சாதாரண வினைகள் போல நான், நீ என்று மாறும். ஆனால் 'பிடிக்கும்' என்பது மட்டும் நம் வழிக்கு வரும். 'மே குஸ்தா எல் கஃபே': எனக்குக் காபி பிடிக்கும். ஆங்கிலேயர் இந்த வாக்கியத்தைத் தலைகீழாக நின்று புரிந்துகொள்ள வேண்டும், நாம் காபியை ஆற்றிக்கொண்டே சொல்லிவிடலாம். பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும், 'மே குஸ்தான்'. அதை மட்டும் மறக்காதீர்கள். இந்தியிலும் 'முஜே சாய் சாஹியே' என்பது சொல்லுக்குச் சொல் எனக்கு டீ வேண்டும்.

ஐந்தாம் படி: இறந்தகாலம் ஒன்றா இரண்டா?

இங்கேதான் நான் அதிக நாள் தவித்தேன். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஸ்பானியத்தில் இறந்தகாலம் இரண்டு. கோமீ, சாப்பிட்டேன். கோமீயா, அதுவும் ஒருவகையில் சாப்பிட்டேன்தான். ஆங்கிலப் புத்தகம் இரண்டாவதற்கு நாலைந்து விளக்கம் தந்தது: முடிவடையாத செயல், பின்னணி, வழக்கம், வருணனை. படித்துப் படித்துக் குழம்பினேன். ஒருநாள் ஊரில் பாட்டி பேசிக்கொண்டிருந்தார். "அப்பல்லாம் சாயங்காலம் ஆத்துக்குப் போவோம். ஈரத்துணியோட வருவோம். உங்க தாத்தா திண்ணைல உக்காந்து ஏதாவது படிச்சுக்கிட்டு இருப்பாரு. ஒருநாள் வெள்ளம் வந்துடுச்சு."

போவோம், வருவோம், இருப்பாரு. பள்ளியில் இவற்றை எதிர்காலம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டி பேசுவதோ அறுபது வருடம் முந்தைய கதை. வழக்கமாக நடந்ததையெல்லாம் ப், வ் போட்டுச் சொல்லிவிட்டு, ஒருமுறை நடந்ததற்கு மட்டும் 'வந்துடுச்சு' என்று இறந்தகாலத்துக்குத் தாவினார். பாட்டியை ஸ்பானியத்தில் மொழிபெயர்த்தால் போவோம், வருவோம், இருப்பாரு மூன்றும் கோமீயா வகையில் விழும். வெள்ளம் மட்டும் கோமீ வகையில் வரும். இந்த ஒரு சோதனை எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வேளை போதுமாக இருக்கிறது: அந்தக் காலக் கதையைத் தமிழில் சொல்லும்போது 'போவோம்' என்றோ 'போய்க்கொண்டிருந்தோம்' என்றோ வாய் போனால் இரண்டாவது வகை. 'போனோம்' என்று வந்தால் முதல் வகை. பிரெஞ்சிலும் இதே பிரிவு உண்டு, இதே சோதனை அங்கும் வேலை செய்யும்.

ஆறாம் படி: துணைவினை

ஜெர்மன் கற்கும் செவிலியரும் பொறியாளரும் இப்போது நம் ஊர்களில் நிறையப் பேர். அவர்கள் முதலில் சந்திப்பது இது: பேச்சில் இறந்தகாலத்தை ஒரே சொல்லால் சொல்வது குறைவு. 'இஷ் ஹாபெ கெஸ்டெர்ன் ரைஸ் கெகெஸ்ஸென்.' நேற்றுச் சோறு சாப்பிட்டேன். 'ஹாபெ' துணைவினை, ஆளுக்கேற்ப அது மட்டும்தான் மாறும். வேலையைச் சொல்லும் 'கெகெஸ்ஸென்' கடைசிக்குப் போய்விடும், எப்போதும் அதே வடிவம். வினை கடைசியில் வருவது நமக்கு இயல்பு. அதனால் பாதி வினை முன்னாலும் பாதி பின்னாலும் நிற்பதை மட்டும் பழகினால் போதும்.

எந்தத் துணைவினை? பெரும்பாலும் 'உடைமை' வினை, மேலே கண்ட 'ஹாபெ' போல. போ, வா போல இடம்பெயரும் வினைகளுக்கும், விழித்தெழு, இற போல நிலை மாறும் வினைகளுக்கும் 'இரு' வினை. பிரெஞ்சிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு: 'ஜே மான்ஜே' சாப்பிட்டேன், 'ஜெ சுயி அலே' போனேன். தமிழில் எல்லாவற்றுக்கும் 'இரு' தான், வந்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே நாம் செய்யும் பிழை 'இரு' வை எங்கும் போடுவதாக இருக்கும்.

ஆங்கிலப் பெயர்கள் இங்கே நம்மைக் கவிழ்க்கும். ஆங்கிலத்தில் 'ஹாவ் ஈட்டன்' என்பதோடு 'யெஸ்டர்டே' சேராது. நம்மவர் சேர்த்துச் சொல்லித் திருத்தப்பட்டிருப்போம். ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் பார்க்க அதே போன்ற வடிவத்தோடு 'நேற்று' தாராளமாகச் சேரும். பெயரை நம்பாதீர்கள், நேற்றோடு சேருமா என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

ஏழாம் படி: தமிழ் கைவிடும் இடம்

இந்தியில் 'கல்' என்றால் நேற்று. 'கல்' என்றால் நாளையும்தான். 'வஹ் கல் ஆயா' என்றால் நேற்று வந்தான், 'வஹ் கல் ஆயேகா' என்றால் நாளை வருவான். எந்த நாள் என்று தீர்மானிப்பதே வினைதான். அதனால் இந்தியில் வினையை விழுங்கிப் பேசினால் ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் பிசகும்.

அடுத்தது பால். தமிழில் 'நான் வருகிறேன்' என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். இந்தியில் ஆண் 'மை ஆத்தா ஹூன்' என்பான், பெண் 'மை ஆத்தீ ஹூன்' என்பாள். தில்லியில் முதல் வருடம் பக்கத்து வீட்டு அம்மாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டே இந்தி பழகியவன் நான். மாதக்கணக்கில் 'ஆத்தீ ஹூன், ஜாத்தீ ஹூன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். காய்கறிக்காரர்தான் ஒருநாள் சிரிப்பை அடக்கமாட்டாமல் விஷயத்தை உடைத்தார்.

அதைவிடக் கடினமானது 'னே'. 'மைனே ரோட்டி காயீ': நான் ரொட்டி சாப்பிட்டேன். இங்கே வினை என்னோடு ஒட்டவில்லை, ரொட்டியோடு ஒட்டுகிறது. ரொட்டி அவர்கள் கணக்கில் பெண்பால், அதனால் 'காயீ'. மாம்பழம் ஆண்பால், அதனால் 'மைனே ஆம் காயா'. சொல்பவர் ஆணா பெண்ணா என்பது இங்கே கணக்கிலேயே இல்லை. என்னால் ரொட்டி தின்னப்பட்டது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அழகாக இல்லாவிட்டாலும் வேலைக்கு ஆகும். செயப்படுபொருள் ஏற்கும் வினை, முடிந்துபோன செயல், இரண்டும் சேர்ந்தால்தான் இந்த 'னே'. போ, வா, தூங்கு போன்றவற்றுக்கு வராது. கொண்டுவா என்னும் 'லானா' போன்ற சில வினைகள் செயப்படுபொருள் இருந்தும் 'னே' ஏற்காமல் முரண்டு பிடிக்கும்.

எட்டாம் படி: வினையெச்சத்தைப் பிடிப்பது

ஜப்பானியம் கற்பவர்களுக்கு முதலில் நல்ல செய்தி. ஆள் விகுதி கிடையாது. ஒழுங்கற்றவை என்று பாடநூல்கள் சொல்வது இரண்டே வினை: சுரு (செய்), குரு (வா). தபெரு என்றால் சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன் இரண்டும். தபெதா, சாப்பிட்டேன். நாமும் 'நாளைக்கு வர்றேன்' என்று நிகழ்காலத்தை எதிர்காலத்துக்குப் போடுகிறவர்கள்தானே.

அடுத்து 'தே' வடிவம். தபெதே. ஆங்கிலப் புத்தகங்கள் இதை விளக்க முடியாமல் திணறும். நமக்கு ஒரே சொல்: சாப்பிட்டு. வினையெச்சம். அவ்வளவுதான். இதைப் பிடித்ததும் பின்வருபவை தானாக வந்து விழும். தபெதே மிரு: மிரு என்றால் பார், சாப்பிட்டுப் பார். தபெதே ஷிமாவு: சாப்பிட்டுவிடு. ஷிதே ஓகு: ஓகு என்றால் வை, செய்து வை. தபெதே இரு: சாப்பிட்டுக்கொண்டிரு. ஆம், அவர்கள் 'இரு' வும் இருப்பதுதான். இதிலிருந்து இரண்டு மொழியும் உறவு என்று முடிவுகட்ட வேண்டாம். சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் அப்படி நெடுங்காலம் வாதிட்டார், மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவோ தற்செயலோ, கற்பவருக்கு லாபம்.

ஜப்பானியர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்வது 'இத்தே கிமாஸ்'. இத்தே, போய். கிமாஸ், வருகிறேன். போயிட்டு வர்றேன். இதை யாரும் நமக்கு விளக்கத் தேவையில்லை.

வேலை மிஞ்சுவது ஒலிமாற்றத்தில். யோமு (படி) என்பது யோந்தே ஆகும், மட்சு (காத்திரு) மத்தே ஆகும். வா என்பது வந்து ஆவது போல, நில் என்பது நின்று ஆவது போல. இதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்கி, வினைகளைக் குழு குழுவாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ஒன்பதாம் படி: 'பண்ணு'வைக் கண்டுபிடிப்பது

காப்பி பண்ணு, போன் பண்ணு, ட்ரை பண்ணு. தமிழ்ப் பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள், புதிதாக மொழி கற்பவருக்கோ இது வரப்பிரசாதம். ஜப்பானியத்தில் 'கோப்பீ சுரு', இந்தியில் 'காப்பி கர்னா'. துருக்கியில் இந்த வேலையை 'எத்மெக்' செய்கிறது. பெயர்ச்சொல்லோடு இந்த ஒரு வினையைச் சேர்த்தால் ஆயிரக்கணக்கான வினைகள் கைக்கு வரும், திரிபு ஒன்றைத்தான் பழக வேண்டும். உங்கள் மொழியில் 'பண்ணு' உண்டா என்று முதல் மாதத்திலேயே விசாரியுங்கள். ஸ்பானியத்தில் இந்த வழி அவ்வளவாக ஓடாது.

எதிர்மறையைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அது பல மொழியில் தனி ராஜ்யம். 'வரவில்லை' என்றதும் தமிழ் ஆளைத் தூக்கி எறிந்துவிடுகிறது, 'வரமாட்டேன்' என்றதும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறது. பின்லாந்து மொழியில் எதிர்மறைச் சொல்லே ஆளுக்கேற்ப மாறும்: என் புஹு, எத் புஹு, ஏய் புஹு. பேசவில்லை என்பதை மாட்டேன், மாட்டாய், மாட்டான் பாணியில் சொல்கிறார்கள்.

தினசரிப் பழக்கம்

காலையில் பதினைந்து நிமிடம் போதும். முழு அட்டவணையை நோட்டில் பார்த்து எழுதுவதால் கை வலிக்கும், வேறு பலன் குறைவு. ஆங்கில விக்சனரி என்னும் இணைய அகராதியில் பல மொழி வினைகளுக்கு முழு அட்டவணை கிடைக்கிறது, சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்க அது இருக்கட்டும். அங்கி (Anki) போன்ற அட்டைச் செயலி பயன்படுத்துகிறவர்கள் அட்டையில் தனி வடிவத்தை எழுதாமல் முழு வாக்கியம் எழுதுங்கள். முன்பக்கம் 'நேத்து எங்க போனே?' என்று நாம் பேசுகிற தமிழில், பின்பக்கம் புதுமொழியில். ஏட்டுத் தமிழில் எழுதினால் மூளை தேர்வு எழுதப் போய்விடுகிறது.

அதோடு மூன்று வரி நாட்குறிப்பு. நேற்று ஒன்று, இன்று ஒன்று, நாளை ஒன்று. ஒரே வினையை மூன்று காலத்திலும் போடுங்கள், மறுநாள் அடுத்த வினை. பத்து நாளில் பத்து வினையும் ஒரு சுற்று வரும். பதினோராம் நாள் 'நான்' இருந்த இடத்தில் 'நீ' வைத்து மறுபடி தொடங்குங்கள்.

ஸ்பானியத்தில் எதிர்கால விகுதிகள் இன்னும் வரவில்லையே என்றால் கவலை வேண்டாம். சாப்பிடப் போகிறேன் என்று நாம் சொல்வது போலவே 'போ' வினையைக் கொண்டு அவர்களும் எதிர்காலம் சொல்கிறார்கள், பேச்சில் அதுதான் அதிகம். போகிறேன் என்பதற்கு அவர்கள் சொல், நம்பினால் நம்புங்கள், 'போய்'. ஆகவே என் முதல் நாட்குறிப்பு இப்படித்தான் இருந்தது:

அயேர் கோமீ தோசை. ஓய் கோமோ இட்லி. மன்யானா போய் ஆ கோமேர் பொங்கல்.